காத்தாயி நெத்திக் குங்குமம்

தம்பி,

உன் காயிதம் முந்தாநாள் வந்துச்சு. முதல் பக்கம் படிக்கும்போது நெஞ்சு நெறைஞ்சு போச்சு, பொய் சொல்லக் கூடாது. என் மகன் தனியா, தன் பேர்ல மட்டும், ஜோகூர் பாருல ஒரு மண்டபம் முழுக்கப் படம் மாட்டப் போறான்னா எந்த அப்பனுக்குத்தான் இருக்காது? ரெண்டாம் பக்கம் திருப்பினேன். நான் அந்தக் காலத்துல வரைஞ்ச படம் ஒண்ணு உன் கைக்குக் கிடைச்சிருக்குன்னு எழுதியிருக்கே. சீமைக்குத் திரும்பிப் போற ஒரு துரைசாணி கண்காட்சிக்குன்னு இரவல் குடுத்திருக்காளாம். மூக்குத்தி போட்ட தோட்டத்துப் பொம்பளையாம். சேலைக்கரை மேல, மூலையில, சிவப்பா என் பேர் இருக்காம். அதை வாசல்ல மாட்டி, பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, என்னை உட்கார வச்சுப் போட்டோ பிடிக்கப் போறீங்களாம். அதுக்கு மேல படிக்க முடியல. எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். கிழவனுக்குச் சோறு ஒத்துக்கலன்னு பக்கத்து வீட்டுக்காரி சுக்குத்தண்ணி கொண்டாந்து குடுத்தா. சோறு நல்லாத்தான் இருந்துச்சு. என் பேரை நெனைச்சுத்தான் எனக்குக் குமட்டுச்சு.

அந்தப் பொம்பளைக்கும் ஒரு பேர் இருக்கு. காத்தாயி. அவ புருஷன் மாரிமுத்து இன்னும் உயிரோட இருக்கான். லாபிஸுக்கு மூணு மைல்ல, அதே ரப்பர் தோட்டத்துல, அதே லயத்து வரிசை வீட்டுல. அவளை நான் என்ன பண்ணினேன்னு உங்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. இப்ப சொல்லலன்னா நீயும் அதே குழியில காலை வைப்பே. பொறுமையா உட்கார்ந்து படி.

நீ பால் குடிக்கிற குழந்தையா இருந்தப்ப நான் கடைப் பலகை எழுதுறவன். தங்காக்ல துணிக்கடைப் பலகை, லாபிஸ்ல கோயில் சுவரு, எதுவா இருந்தாலும் போவேன். ஆனா என்னை மனுஷங்க தேடி வந்தது வேற வேலைக்கு. லயத்துல யாராச்சும் செத்தா ஆள் அனுப்புவாங்க. போட்டோ பிடிக்க அங்க யாருக்கு வழி இருந்துச்சு? பிணத்தைத் தூக்குறதுக்குள்ள நான் தலைமாட்டுல உட்கார்ந்து பென்சில்ல முகத்தை எடுத்துக்குவேன். சிரிச்சா எந்தப் பக்கம் கோணும், கண்ணு பெருசா சின்னதா, புருவம் சேர்ந்திருக்குமான்னு அழுதுக்கிட்டு இருக்கிறவங்ககிட்டயே கேட்பேன். அவங்களும் மூக்கைச் சிந்திக்கிட்டே சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்து துணியில எண்ணெய்ச் சாயத்துல வரைவேன். கண்ணை மட்டும் வரைய மாட்டேன். அது பதினாறாம் நாளுக்கு.

கருமாதி அன்னைக்கு அவங்க வீட்டுலயே, எல்லார் முன்னாலயும் கண்ணைத் திறப்பேன். புருஷனோ பிள்ளையோ, யாரு ரொம்ப வேண்டியவங்களோ அவங்களைப் படத்துக்கு நேரா நிக்க வச்சு, அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே ரெண்டு கருமணியையும் வைப்பேன். வச்ச உடனே படம் அவங்களையே பார்க்கும். அவங்க கையாலயே நெத்தியில சந்தனமோ குங்குமமோ வைப்பாங்க. அதுக்கப்புறம் அதைப் படம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "அம்மாகிட்டச் சொல்லிட்டு வேலைக்குப் போ"ம்பாங்க. "அவரு முன்னால சண்டை போடாதே"ம்பாங்க. தீவாளிக்கு முதல் நாள் படையல் போட்டு, பழைய குங்குமத்து மேலயே புதுசு வைப்பாங்க. நான் எந்தப் படத்துலயும் பேர் எழுதினதில்ல. செத்தவங்க மேல என் பேர் எதுக்கு?

காத்தாயி காய்ச்சல்ல போனா. இருபத்திரண்டு வயசு இருக்கும். விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு மரத்துல பால் வெட்டப் போனவ, மூணாம் நாள் பாயில கிடந்தா. நான் அவ கண்ணைத் திறந்தப்ப மாரிமுத்து எதிர்ல நின்னான். ஒல்லிக்குச்சி ஆளு. ரெண்டாவது கண்ணுல மணி வச்சதும் அவன் திடுக்குன்னு, "சாப்பிட்டேன்டி, சாப்பிட்டேன்"னு சொன்னான். உயிரோட இருந்தப்ப அவனைக் கண்டா அவ கேக்குற முதல் கேள்வி அதுதானாம். அங்க இருந்தவங்க சிரிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. தொழில்ல எனக்குக் கிடைச்ச மரியாதைன்னா அது ஒண்ணுதான். அதைத்தான் நான் கொண்டு போய்ச் சாக்கடையில போட்டேன்.

நாலு வருஷம் கழிச்சு அந்தத் தோட்டத்துத் துரையோட சம்சாரம் ஒருநாள் லயத்தைச் சுத்திப் பார்க்க வந்தா. இப்ப உனக்குப் படம் குடுத்திருக்கிறவ அவதான், எனக்கு நல்லாத் தெரியும். மாரிமுத்து வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்து, விளக்குக்கு மேல தொங்கிக்கிட்டு இருந்த காத்தாயியைக் கண்டுட்டா. "பாகுஸ், பாகுஸ்", நல்லாருக்கு நல்லாருக்குன்னு மலாய்ல கூத்தாடினாளாம். யாரு வரைஞ்சதுன்னு விசாரிச்சு என்னைப் பங்களாவுக்கு வரச் சொன்னா. இந்த மாதிரி முகமா ஒரு ஏழெட்டு சேர்த்துக் கொண்டா, ஜோகூர் பாருல எங்க கிளப்பு மண்டபத்துல மாட்டுவோம், உன் படம் மட்டுந்தான், வேற ஒருத்தன் படமும் கிடையாதுன்னா. எனக்குத் தலைகால் புரியல. அந்த எழவெடுத்த பேச்சுல அப்படியே மிதந்துக்கிட்டு வந்தேன்.

புதுசா வரைஞ்சிருக்கலாம்ல? எனக்கு அவ்வளவு அவசரம். வீடு வீடாப் போய், "வார்னிஷ் அடிச்சுத் தரேன், இல்லன்னா சாயம் உதிர்ந்துரும்"னு புளுகி ஏழு படத்தைக் கேட்டு வாங்கினேன். உங்கம்மா அன்னைக்கே சொன்னா: "அதெல்லாம் இரவல் கேக்குற சாமானாங்க? அவங்க வீட்டு ஆளுங்க." உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கிடன்னேன். மாரிமுத்து காத்தாயியோட பழைய சேலையில படத்தைச் சுத்தி என் ரெண்டு கையிலயும் குடுத்தான். "சீக்கிரம் கொண்டாந்துருங்கண்ணே. தீவாளிக்கு அவ வேணும்"னான். சரிப்பான்னேன். அந்தச் சேலையில மஞ்ச வாசம் இருந்துச்சு.

பங்களாவுல கணக்கெழுதுற கிராணி ஒருத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், துரைசாணி பேசுறதை எனக்குச் சொல்றவர். படங்களை வரிசையா வச்சதும் அவ விரலை நீட்டி நீட்டி என்னமோ சொன்னா. "உந்த நெத்தியளில கிடக்கிற ஊத்தையைத் துடைச்சுப்போட்டுக் கொண்டுவரட்டாம்"னார் கிராணி. சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அவர் நெத்தியில மூணு பட்டை விபூதி பளிச்சுன்னு இருந்துச்சு. அவருக்குத் தெரியும் அது ஊத்தை இல்லன்னு. எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. டர்பன்டைன்ல துணியை நனைச்சுத் துடைச்சேன். மத்தது சீக்கிரம் வந்துருச்சு. காத்தாயி நெத்தியில மட்டும் குங்குமம் ஒரு சல்லிக்காசு தடிமனுக்கு இறுகிப் போயிருந்துச்சு, நகத்தால சுரண்டினேன். துணியெல்லாம் சிவப்பு. நகக்கண்ணுல சிவப்பு. புருஷன் உயிரோட இருக்கும்போது செத்தவ, பூவும் பொட்டுமாப் போனவ, அவ பொட்டை நான் என் நகத்தால சுரண்டி எடுத்தேன்டா. சீ! எழுதும்போதே விரல் கூசுது. கடைசியா பேர் போடச் சொன்னா. துணியில மிஞ்சின சாயத்தைப் பார்த்துட்டோ என்னமோ, சிவப்புலயே எழுதினேன்.

கண்காட்சியைப் பத்தி நீ சின்ன வயசுல எத்தனையோ தடவை கேட்டிருக்கே, நானும் பெருமையா ஏதோ அளந்துவிட்டிருக்கேன். அங்க நடந்தது இதுதான். சுருட்டுப் புகை, பிராந்தி நாத்தம், வேர்த்த கோட்டு. ஒருத்தன் வறுத்த கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டே அந்தக் கையால காத்தாயி மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தான், எண்ணெய் ஒட்டிக்கிச்சு. இன்னொருத்தி படத்து முன்னால நின்னு தன் கண்ணை அகலத் திறந்து அதே மாதிரி முழிச்சுக் காட்டினா, கூட இருந்தவளுங்க விழுந்து விழுந்து சிரிச்சாளுங்க. துரைசாணியோட புருஷன், காத்தாயி வேலை பார்த்த தோட்டத்துத் துரையும் வந்தான். அஞ்சு வருஷம் அவன் மரத்துல பால் வெட்டினவ. விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுல தினம் அவன் முன்னால வரிசையில நின்னவ. அவனுக்கு அவளை அடையாளம் தெரியல. நல்ல முகம், சாப்பாட்டு அறைக்கு ஆகும்னானாம். விக்கிறியான்னு கிராணி கேட்டார். கேட்டுட்டு என்னையே பார்த்தார். நான் மாட்டேன்னு சொல்லணும்னு அவர் காத்துக்கிட்டு இருந்தார்னு இப்பத் தோணுது. நான் தலையை ஆட்டிட்டேன். ஏழுல அது ஒண்ணுதான் வித்துச்சு. ரயில்ல வரும்போது லாபிஸ் வர்ற வரைக்கும் நல்லாத் தூங்கினேன். எனக்கு என் மேல இன்னைக்கும் அருவருப்பா இருக்கிறது அந்தத் தூக்கத்துக்குத்தான்.

மத்த ஆறையும், துடைச்ச நெத்தியோட, திருப்பிக் குடுத்தேன். தீவாளிக்கு நாலு நாள் இருக்கும்போது மாரிமுத்து வந்தான். இன்னும் காயலப்பா, நாளைக்கு வான்னு அனுப்பிட்டு, ஞாபகத்துல இருந்தே இன்னொரு காத்தாயியை வரைஞ்சேன். கண்ணையும் நானே, யாரும் எதிர்ல நிக்காமலே வச்சேன். வாங்கிட்டுப் போனான். மறுநாளே அதைச் சுமந்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இவ என்னைப் பார்க்க மாட்டேங்குறா. எங்கயோ பார்க்குறா. இவ வேற யாரோ. அவ எங்கண்ணே?"ன்னான். அந்த நேரத்துல உண்மையைச் சொல்லியிருந்தா அவன் என்னைச் செருப்பால அடிச்சிருப்பான், அதோட முடிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கரையான் அரிச்சிருச்சுப்பா, அதான் புதுசா வரைஞ்சேன்னேன்.

அவன் அப்படியே தரையில உட்கார்ந்துட்டான். அழல. "மிச்சம் மீதி இருந்தாக் குடுங்கண்ணே. குப்பையில போடக்கூடாது. ஆத்துல விடணும்"னான். மிச்சத்துக்கு நான் எங்க போவேன்? பின்னால போய், அவன் திருப்பிக் கொண்டாந்த அந்தப் பொய்க் காத்தாயியையே கொளுத்தி, சாம்பலை ஒரு சட்டியில அள்ளிக் குடுத்தேன். மறுநாள் அவன் ரெண்டாவது தடவையா மொட்டை போட்டுக்கிட்டான். லாபிஸ் ஆத்துல இடுப்புத் தண்ணியில நின்னு அந்தச் சாம்பலைக் கரைச்சான். நான் கரையில நின்னேன். கூட வாங்கண்ணேன்னு கூப்பிட்டிருந்தான், துணைக்கு. தண்ணியில சாம்பல் கலையும்போது, "போயிட்டு வாடி"ன்னான். நான் துண்டால வாயைப் பொத்திக்கிட்டேன். துக்கம்னு நெனைச்சு அவன் எனக்கு ஆறுதல் சொன்னான், தம்பி. அவன் எனக்கு!

அதே சமயத்துல காத்தாயி துரை பங்களாவுல, பிராந்தி போத்தல் அலமாரிக்கு மேல, பொட்டில்லாம தொங்கிக்கிட்டு இருந்தா. எனக்கும் அங்கதான் வேலை. கண்காட்சிக்கு அப்புறம் துரைமார் வீட்டுல எனக்கு நல்ல கிராக்கி. ஒரு மாசம் கழிச்சு ஒருநாள் துரையோட நாயை வரைஞ்சுக்கிட்டு வராந்தாவுல உட்கார்ந்திருந்தேன். ஒரு கனத்த மேசையைத் தூக்க லயத்துல இருந்து நாலு பேரைக் கூப்பிட்டிருந்தாங்க, அதுல மாரிமுத்து ஒருத்தன். முடி அப்பத்தான் அரை அங்குலம் முளைச்சிருந்துச்சு. உள்ள போனாங்க. மேசையை டொம்முன்னு கீழ வச்ச சத்தம் கேட்டுச்சு, கிராணி திட்டுற சத்தம் கேட்டுச்சு. அவன் மட்டும் வெளிய வந்து என் எதிர்ல நின்னான். கத்தல. "அண்ணே, அவ அங்க இருக்கா. என்னைப் பார்த்தா. அப்ப நான் யாருக்கண்ணே மொட்டை போட்டேன்?"ன்னான்.

என் வாய்ல என்ன வந்துச்சு பாரு: இன்னொண்ணு அச்சு அசலா வரைஞ்சு தரேன்ப்பா. அவன் என் மடியில இருந்த படத்தைப் பார்த்தான், எதிர்ல நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த நாயைப் பார்த்தான். "வேணாம்ணே. நீங்க நாயை வரைங்க"ன்னான். கோவத்துல சொல்லல, வேலை கெடுதேன்னு சொல்ற மாதிரித்தான் சொன்னான். உள்ள போய் மேசையில அவன் பக்கத்தைத் தூக்கினான். நானும் அந்த நாயை வரைஞ்சு முடிச்சேன். தூ, இதுவும் ஒரு பொழப்பு!

அதுக்கப்புறம் லயத்துல ஒரு சாவுக்கும் எனக்கு ஆள் வரல. ஒரு தடவை நானே போனேன். என்னைக் கண்டதும் ஒரு பொம்பளை பாய்ஞ்சு போய்ப் பிணத்தோட முகத்தைத் துணியால மூடினா. ஈ மொய்க்கும்னு மூடின மாதிரி மூடினா. நான் செருப்பைக்கூடக் கழட்டாம வந்துட்டேன். உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும், சாம்பல் சட்டி எடுத்துக் குடுத்ததே அவதான், எதுக்குன்னு தெரியாம. தெரிஞ்சப்புறம் ஒரு வாரம் என்கிட்டப் பேசல. பேசினப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "நான் செத்தா என் மூஞ்சியை வரையாதீங்க. யார் வீட்டுப் போத்தலையும் பார்த்துக்கிட்டு நான் தொங்க மாட்டேன்." அவ போனப்ப நீ பக்கத்துல உட்கார்ந்து, வரைங்கப்பா, வரைங்கப்பான்னு கெஞ்சினே. நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சக்காரன்னு என்னைத் திட்டினே. படம் வரையிறவன் வீட்டுல அம்மா படம் ஏன் இல்லன்னு இத்தனை வருஷமா நீ கேக்குறதுக்கு இதுதான் பதில்.

உன்னை வரையாதேன்னு சொல்ல நான் யாரு? வரை. நீ என்னைவிட நல்லா வரையிறே, எனக்கு அது தெரியும். ஆனா உன் படத்துல இருக்கிற மீன் விக்கிறவ, பாலத்தடியில படுத்திருக்கிறவன், அந்த மலாய்க் கம்பத்து ஊர்க் கிழவி, இவங்கெல்லாம் யாரு? பேர் கேட்டியா? கண்காட்சி தொறக்கிற அன்னைக்கு அவங்களை வரச் சொல்லியிருக்கியா? சொல்லலன்னா இன்னும் நாள் இருக்கு, போய்ச் சொல்லு. முதல்ல அவங்க வந்து நின்னு பார்க்கட்டும், அப்புறம் கோழிக்கால் கடிக்கிறவன் பார்க்கட்டும். அவங்கள்ல ஒருத்தர் இது வேணாம்னு சொன்னா, அன்னைக்கே கழட்டிரு. எவ்வளவு நல்ல படமா இருந்தாலும் சரி.

இப்ப விஷயத்துக்கு வரேன். கண்காட்சி தொறக்கிற அன்னைக்கே, வெள்ளிக்கிழமை காலை ரயில்ல நான் வரேன். தனியா வரல. நேத்து மூணு மைலும் நடந்து மாரிமுத்து வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்துல அவன் வாசப்படியை நான் மிதிச்சதில்ல. அவனுக்கும் முடியெல்லாம் நரைச்சுப் போச்சு, மறுபடி கல்யாணம் கட்டல. உன் காயிதத்தைப் படிச்சுக் காட்டினேன். அப்புறம், "மொட்டை போட்டு ஆத்துல விட்டாச்சே, இனிமே படையல் போட்டா ஏத்துக்குவாளாண்ணே?"ன்னு கேட்டான். எனக்குத் தெரியலப்பான்னேன். அவனுக்கு நான் சொன்ன முதல் நிஜம் அதுதான்.

அவன் மடியில குங்குமச்சிமிழ் இருக்கும். எல்லார் முன்னாலயும் அவ நெத்தியில வைப்பான். யாரும் தடுக்கக் கூடாது, நீயும் தடுக்கக் கூடாது. டர்பன்டைனும் துணியும் நான் கொண்டு வரேன், மூலையில இருக்கிற என் பேரை நானே அழிச்சுடுறேன். அப்புறம் அவளைக் கழட்டி, அவன் கொண்டு வர்ற அவளோட அந்தப் பழைய சேலையில சுத்தி, அவன் கையில குடுக்கணும். துரைசாணி கத்துவா. திருட்டுன்னு சொல்லுவா. கிளப்புல நடந்ததை நான் அவகிட்டயும், வந்திருக்கிற அத்தனை பேர்கிட்டயும் சொல்றேன், திருடினவன் யாருன்னு அவங்களே தெரிஞ்சுக்கட்டும். போலீஸ் வந்தா என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போகட்டும். உன் கண்காட்சி கெட்டுப் போகலாம், தம்பி. நீ பாடுபட்டது எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் கேக்குறேன். முடியாதுன்னா இப்பவே தந்தி குடு, அவனை அவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்து மறுபடி ஏமாத்த என்னால ஆகாது.

வாசல்ல எனக்குன்னு போட்ட நாற்காலியை மட்டும் எடுத்துராதே. அவளுக்கு நேர் எதிர்ல திருப்பிப் போடு. அதுல அவன் உட்காரட்டும். நேத்து நான் கிளம்பும்போது லயத்து வாசல் வரைக்கும் கூடவே வந்தான். என் கையைப் பிடிச்சு நிறுத்தி, வெக்கப்பட்டுக்கிட்டே கேட்டான்: "அண்ணே, அவ சின்னப் பொண்ணாவே இருப்பா. நான் இப்படிக் கிழவனாப் போய் நின்னா, என்னைத் தெரியுமா அவளுக்கு?"

அப்பா